பல்கலைக்கழக மாணவர் அரசியலும் சமூக வலைத்தளங்களும்: ஒரு பெரியதாழைக்காரனின் பார்வை

2018 மே 23ஆம் தேதி காலையில் பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்தது. அந்த வருடம் எழுதியவர்களில் நானும் ஒருவன். பதிவு செய்து வைத்திருந்த அப்பாவின் எண்ணுக்கு மதிப்பெண் குறுஞ்செய்தியாக வந்துவிட்டது. வேறு வருடமாக இருந்தால் அம்மா கேசரி கிண்டியிருப்பாள். ஆனால் அதற்கு முந்தின நாள்தான் தூத்துக்குடியில் துப்பாக்கிச் சூடு. யாரும் என் மதிப்பெண்ணைக் கேட்கவில்லை, நானும் சொல்லிக்கொண்டு திரியவில்லை. அன்று இரவு கைபேசியில் இணையம் நின்றுபோனது.

முதலில் டவர் பிரச்சினை என்றுதான் நினைத்தோம். எங்கள் ஊர் பெரியதாழை. திருச்செந்தூர், குலசேகரன்பட்டினம், மணப்பாடு எல்லாம் தாண்டி, ஒரு பக்கம் கடலும் மறு பக்கம் தேரிக்காட்டுச் செம்மண்ணுமாக இருக்கிற ஊர். டவர் போவதும் வருவதும் எங்களுக்குப் புதிதில்லை. மறுநாள்தான் தெரிந்தது, தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி என்று மூன்று மாவட்டங்களில் ஐந்து நாளைக்கு இணையத்தை நிறுத்தச் சொல்லி அரசாங்கமே ஆணை போட்டிருக்கிறது என்று. சமூக வலைத்தளங்கள் வழியாக ஆத்திரமூட்டும் செய்திகள் பரவுகின்றன என்பது சொல்லப்பட்ட காரணம்.

வதந்தியை நிறுத்த இணையத்தை நிறுத்தினார்கள். ஆனால் எங்கள் தெருவில் வதந்தி நடந்தே வந்தது. பேசுகிற வசதி மட்டும் இருந்ததல்லவா, அப்பா தூத்துக்குடியில் இருக்கும் சொந்தக்காரருக்குப் போன் போட்டு "எல மக்கா, எத்தன பேரு?" என்று கேட்பார். அவர் ஒரு எண்ணிக்கை சொல்வார். அதே எண்ணிக்கை மாலையில் கடற்கரைக்குப் போய்த் திரும்பி வரும்போது இரண்டு மடங்காகியிருக்கும். இறந்தவர்கள் 13 பேர் என்பது எங்களுக்கு உறுதியாகத் தெரிய நாளாகிவிட்டது. அதில் ஸ்னோலினுக்கு 17 வயது. பள்ளிப்படிப்பை முடித்துவிட்டுக் கல்லூரிக்குப் போக இருந்தவள். என்னைவிட இரண்டு வயது மூத்தவள், அவ்வளவுதான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம் என்பது விசைப்படகுகளுக்கு. எங்கள் ஊர் நாட்டுப்படகுகளுக்கு அது கிடையாது. ஒக்கி புயல் போய் அப்போது ஆறு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. காற்று எப்படி, கடல் எப்படி என்று பார்க்கக் கைபேசியை எடுக்கிற பழக்கம் இளவட்டங்களுக்கு வந்திருந்தது. அதுவும் சேர்ந்து நின்றது. பொறியியல் கலந்தாய்வு முதல்முறையாக முழுக்க இணையவழியில் நடந்த வருடமும் அதுதான். விண்ணப்பிக்க மே 30 கடைசி நாள். பக்கத்து வீட்டு அக்கா சான்றிதழ்களை எல்லாம் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு வைத்துக்கொண்டு இணையம் எப்போது வரும் என்று காத்திருந்தாள். (பிறகு ஜூன் 2 வரை நீட்டித்தார்கள். அவள் இப்போது சென்னையில் வேலையில் இருக்கிறாள்.) போராட்டத்துக்கும் அவளுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

நான் அதன்பிறகு பிளஸ் டூ, கல்லூரி, பல்கலைக்கழகம் என்று வந்துவிட்டேன். மாணவர் அரசியலில் சமூக வலைத்தளங்களின் பங்கு என்ன என்று யாராவது பேசினால் என் மனம் அந்த மே மாதத்துக்குத்தான் போகிறது. அதனால் இந்தக் கட்டுரை கொஞ்சம் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சரி, விஷயத்துக்கு வருவோம். தமிழ்நாட்டில் மாணவர் அரசியல் என்று ஒன்று இருக்கிறதா? கேரளாவிலோ டெல்லியிலோ படிக்கும் நண்பர்களிடம் கேட்டால், தேர்தல், வேட்பாளர், கோஷம், கூட்டம் என்று அவர்களுக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. நம் ஊரில் பெரும்பாலான கல்லூரிகளில் 'மாணவர் பேரவை' என்றால் துறைத்தலைவர் ஒரு பெயரை எழுதிக் கொடுப்பார், முதல்வர் கையெழுத்துப் போடுவார், பொறுப்பேற்பு விழாவில் அந்தப் பையன் சட்டையில் ஒரு பேட்ஜ் குத்துவார்கள். அவ்வளவுதான். அந்தப் பையனுக்கு அதன்பிறகு வரும் வேலை, விழாவுக்கு நாற்காலி போடுவது. நானும் ஒரு வருடம் நாற்காலி போட்டிருக்கிறேன், அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

மாணவர் தேர்தல்களை ஒழுங்குபடுத்த லிங்டோ குழு அறிக்கை கொடுத்தது 2006இல். அதன் பரிந்துரைகளை நடைமுறைப்படுத்தச் சொல்லி உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது அந்த வருடம் செப்டம்பர் 22ஆம் தேதி. வேட்பாளர் 5,000 ரூபாய்க்கு மேல் செலவு செய்யக்கூடாது, அச்சடித்த சுவரொட்டி கூடாது, கையால் எழுதியதுதான் ஒட்டலாம், அதுவும் குறிப்பிட்ட இடத்தில்தான், 75 சதவீத வருகை வேண்டும், அரியர் இருக்கக்கூடாது என்று நிறைய விதிகள். சிலவற்றில் நியாயம் இருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், அதே செப்டம்பர் 26ஆம் தேதிதான் ஃபேஸ்புக் பல்கலைக்கழக வட்டத்தைத் தாண்டி எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டது. நான்கு நாள் வித்தியாசம்! சுவரொட்டியை எங்கே ஒட்டலாம் என்று நாட்டின் உச்ச நீதிமன்றம் கவலைப்பட்டுக்கொண்டிருந்தபோது சுவரே வேறு இடத்துக்குப் போய்விட்டது.

ஆனால் லிங்டோ குழு சொன்னதில் முக்கியமானது, கல்லூரிகளில் தேர்தல் நடத்துங்கள் என்பது. அதை நம் கல்லூரிகள் வசதியாக மறந்துவிட்டன. கட்டுப்பாடுகளை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். தேர்தல் கிடையாது, கூட்டம் போட இடம் கிடையாது, துண்டுப் பிரசுரம் கொடுத்தால் வாசலில் காவலாளி பிடுங்கிவிடுவார். மிச்சம் இருப்பது கையில் இருக்கும் போன். அதனால்தான் நம் ஊரில் மாணவர் அரசியல் வலைத்தளத்துக்குப் போனது. யாரும் விரும்பித் தேர்ந்தெடுத்துப் போகவில்லை. வேறு வாசல் திறந்திருக்கவில்லை.

பழைய காலத்தில் இதெல்லாம் இல்லாமல் போராடவில்லையா என்று அப்பா கேட்பார். போராடினார்கள். 1965 ஜனவரியில் மதுரையில் தொடங்கிய இந்தி எதிர்ப்புக் கிளர்ச்சி சில நாட்களில் மாகாணம் முழுக்கப் பரவியது. ஜனவரி 27இல் சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் ராஜேந்திரன் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார். அரசாங்கம் கல்லூரிகளை மூடியது. மாணவர்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊருக்குப் போனார்கள். போன ஊரில் எல்லாம் போராட்டம் முளைத்தது. விடுதியை மூடினால் அடங்கிவிடுவார்கள் என்று நினைத்தவர்கள், விடுதியில் இருந்தவர்களைத் தாங்களே ஊர் ஊராக அனுப்பிவைத்தார்கள். எங்கள் பக்கத்திலும் கதை இருக்கிறது. பாளையங்கோட்டையில் லூர்துநாதன் சிலையைக் கடந்து போகிறவர்களில் எத்தனை மாணவர்களுக்கு அவர் யார் என்று தெரியும்? 1972இல் மாணவர் போராட்டத்தின்போது போலீஸ் நடவடிக்கையில் உயிரிழந்த கல்லூரி மாணவர். எனக்கே இளங்கலை இரண்டாம் வருடத்தில்தான் தெரிந்தது, அதுவும் ஒரு டீக்கடைக்காரர் சொல்லி.

கல்லூரியை மூடுகிற மருந்தை 2013இல் மறுபடி எடுத்தார்கள். பாலச்சந்திரனின் படங்கள் வெளியாகி ஃபேஸ்புக்கில் பரவிய பிறகு, அந்த மார்ச் 8ஆம் தேதி சென்னை லயோலா கல்லூரி மாணவர்கள் எட்டுப் பேர் உண்ணாவிரதம் இருந்தார்கள். 11ஆம் தேதி அதிகாலையில் போலீஸ் அவர்களைத் தூக்கிக்கொண்டு போனது. எட்டுப் பேரைத் தூக்கியதும் நூறு கல்லூரி எழுந்துவிட்டது. அரசு கல்லூரிகளுக்குக் காலவரையற்ற விடுமுறை விட்டது. ஆனால் இந்த முறை வீட்டுக்குப் போன மாணவன் கையில் போன் இருந்தது. மார்ச் 19இல் திமுக மத்திய அரசுக்கு அளித்த ஆதரவை விலக்கிக்கொண்டது, 27இல் சட்டசபை பொதுவாக்கெடுப்பு கேட்டுத் தீர்மானம் போட்டது. இதெல்லாம் மாணவர்களால் மட்டும் நடந்தது என்று சொல்லமாட்டேன். மாணவர்கள் இல்லாமல் அந்த வேகத்தில் நடந்திருக்காது என்று சொல்வேன்.

அப்புறம் 2015இல் சென்னை ஐஐடி. அம்பேத்கர் பெரியார் படிப்பு வட்டத்தின் அங்கீகாரத்தை மே மாதம் ரத்து செய்தார்கள். யாரோ பெயர் போடாமல் மத்திய அமைச்சகத்துக்கு எழுதிய கடிதம்தான் தொடக்கம். இதில் நான் கவனித்தது ஒன்று. பிரச்சினை வந்தது காகிதத் துண்டுப் பிரசுரத்தால். காப்பாற்றியது ஃபேஸ்புக். செய்தி வெளியே வந்த சில நாட்களில் நாட்டின் பல கல்விக்கூடங்களில் அதே பெயரில் வட்டங்கள் தோன்றின. ஜூன் 7ஆம் தேதி அங்கீகாரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். ஒரு வளாகத்துக்குள் முடித்துவிடலாம் என்று நினைத்த காரியம் வளாகத்துக்குள் முடியவில்லை. வலைத்தளத்தின் உண்மையான பலன் இதுதான் என்பது என் கருத்து. நிர்வாகத்துக்கும் மாணவனுக்கும் நடுவே கதவைச் சாத்திக்கொண்டு நடக்கிற விசாரணையில், மூன்றாவதாக ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்கிற பயம் நிர்வாகத்துக்கு வருகிறது.

இனி எல்லோருக்கும் தெரிந்த 2017 ஜனவரி. மெரினாவைப் பற்றி நானும் எழுதினால் நண்பர்கள் அடிக்க வருவார்கள். ஜனவரி 17 இரவு விளக்குகள் அணைந்தபோது ஆயிரக்கணக்கான போன் வெளிச்சம் எரிந்த படத்தை நான் எட்டாம் வகுப்புப் பையனாகப்... இல்லை, ஒன்பதாம் வகுப்பு... வாட்ஸ்அப்பில் பார்த்துப் புல்லரித்தவன். தலைவர் இல்லாத போராட்டம் என்று பெருமையாகச் சொன்னார்கள். நானும் சொன்னேன். இப்போது அந்தப் பெருமையில் எனக்குச் சந்தேகம் இருக்கிறது.

ஏன் என்று சொல்கிறேன். 21ஆம் தேதி அவசரச் சட்டம் வந்துவிட்டது. 23ஆம் தேதி காலையில் போலீஸ் கூட்டத்தைக் கலைக்க இறங்கியது. அன்று மாலை சட்டசபையில் மசோதா நிறைவேறியது. நடுவில் அவசரச் சட்டம் என்றால் என்ன, நிரந்தரச் சட்டம் என்றால் என்ன, ஜெயித்துவிட்டோமா இல்லையா என்று அந்தக் கூட்டத்துக்குச் சொல்ல ஆள் இல்லை. ஓய்வுபெற்ற நீதிபதி அரி பரந்தாமன் நேரில் வந்து விளக்கவேண்டியிருந்தது. அதற்குள் அடி விழுந்துவிட்டது. பக்கத்தில் இருந்த நடுக்குப்பம் மீனவர்களின் மீன் சந்தை எரிந்துபோனது. மாணவர்களுக்குச் சோறும் தண்ணீரும் கொடுத்த குப்பத்து ஜனங்கள். இதை எங்கள் ஊரில் இப்போதும் சொல்வார்கள். கரைக்காரனுக்குக் கரைக்காரன் வலி தெரியும்.

எங்கள் ஊரில் கோயில் மணி இருக்கிறது. பூசைக்கு அடிப்பது வேறு, ஆபத்துக்கு அடிப்பது வேறு. ஆபத்து மணி கேட்டால் வலையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு எல்லோரும் கோயில் முன்னால் வந்துவிடுவார்கள். கடல் ஊருக்குள் வருகிறது, தூண்டில் வளைவு கட்டித் தாருங்கள் என்று கேட்கப் போனபோதும் அப்படித்தான் கூடினார்கள். ஆனால் மணி கூட்டத்தைச் சேர்க்கும், அவ்வளவுதான் அதன் வேலை. சேர்ந்தபிறகு யார் கலெக்டரிடம் பேசுவது, எதற்கு ஒத்துக்கொள்வது, எப்போது எழுந்து வீட்டுக்குப் போவது என்பதை ஊர்க் கமிட்டி பார்த்துக்கொள்ளும். அந்தக் கமிட்டியில் எனக்கு ஆயிரம் குறை உண்டு. (பெண்கள் எங்கே என்று ஒருமுறை கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டேன்.) ஆனாலும் அப்படி ஒன்று இருக்கிறது. நம் பல்கலைக்கழகங்களில் மணி மட்டும்தான் இருக்கிறது. வாட்ஸ்அப்பும் இன்ஸ்டாகிராமும் நல்ல மணிகள். கமிட்டியைத்தான் காணோம்.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. கோயில் மணியை யார் அடித்தார்கள் என்று பதிவு இருக்காது. போனில் எல்லாவற்றுக்கும் பதிவு இருக்கிறது. எத்தனை மணிக்கு, எந்த எண்ணிலிருந்து, யார் யாருக்கு.

காகிதத்துக்கும் தண்டனை உண்டு, அதை மறுக்கவில்லை. 2017 ஜூலையில் சேலத்தில் பெரியார் பல்கலைக்கழக மாணவி வளர்மதி, நெடுவாசல், கதிராமங்கலம் மக்களுக்காகத் துண்டுப் பிரசுரம் கொடுத்ததற்குக் குண்டர் சட்டத்தில் உள்ளே போனார். செப்டம்பரில் உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. வாயால் சொன்னாலும் தண்டனை உண்டு. எங்கள் தூத்துக்குடிப் பெண் லோயிஸ் சோபியா, கனடாவில் ஆராய்ச்சி மாணவி, 2018 செப்டம்பர் 3ஆம் தேதி விமானத்தில் பாஜகவுக்கு எதிராக ஒரு கோஷம் போட்டார். அதே விமானத்தில் அந்தக் கட்சியின் மாநிலத் தலைவர் இருந்தார். அன்றே கைது. அடுத்த நாள் ஜாமீன். அதற்குள் அவர் போட்ட கோஷத்தை ட்விட்டரில் நாடே திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தது. வழக்கை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது 2023 ஆகஸ்டில். ட்விட்டரில் ஒரு நாள் கூத்து, அவருக்கு ஐந்து வருட வழக்கு. கோஷத்தைப் பகிர்ந்த நம்மில் எத்தனை பேர் அந்த ஐந்து வருடமும் வழக்கு என்ன ஆனது என்று பார்த்தோம்? நானும் பார்க்கவில்லை. 2023இல் செய்தி வந்தபோது 'இன்னும் நடந்துகொண்டா இருந்தது' என்றுதான் தோன்றியது.

மும்பை டாடா சமூக அறிவியல் நிறுவனத்தில் முனைவர் பட்ட மாணவர் ராமதாஸை 2024 ஏப்ரலில் இரண்டு வருடம் இடைநீக்கம் செய்தார்கள். டெல்லியில் ஒரு பேரணிக்குப் போனதோடு, ஓர் ஆவணப்படத்தைப் பார்க்கும்படி வலைத்தளத்தில் எழுதியதும் அவர்மேல் சொன்ன குற்றங்களில் ஒன்று. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம், இடைநீக்கத்தில் கழிந்த காலமே போதும் என்று அவரைத் திரும்பப் படிக்க அனுமதித்தது. ஒரு வருடம் போனது போனதுதான். உதவித்தொகையை நம்பிப் படிக்கிறவனுக்கு ஒரு வருடம் என்றால் என்ன என்பது அந்த நிலையில் இருப்பவனுக்குத்தான் தெரியும்.

என் சொந்தக் கதையும் ஒன்று உண்டு. நான் படித்த கல்லூரியின் பெயர் வேண்டாம். ஒரு மே 22 அன்று எங்கள் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் ஒரு நண்பன் இறந்தவர்களின் படங்களைப் போட்டு 'மறக்கமாட்டோம்' என்று எழுதினான். அவ்வளவுதான், கூட்டத்துக்கு அழைக்கவில்லை, யாரையும் திட்டவில்லை. நான் ஒரு மெழுகுவர்த்திப் படம் போட்டேன். விடுமுறை முடிந்து கல்லூரி திறந்த முதல் வாரமே இருவருக்கும் அழைப்பு. குழுவின் திரைப்பிடிப்பு மேஜைமேல் அச்செடுத்து வைக்கப்பட்டிருந்தது. எங்கள் வகுப்பில் யாரோ கொடுத்ததுதான். யார் என்று இன்றுவரை தெரியாது. "தம்பி, நல்லா படிக்கிற பையன். ஒனக்கு எதுக்குப்பா இதெல்லாம்? அப்பா கடலுக்குத்தானே போறாங்க?" என்று அந்த ஆசிரியர் அன்பாகத்தான் கேட்டார். "ஆமா சார்" என்றேன். ஒரு வெள்ளைத் தாளில் இனிமேல் இப்படிச் செய்யமாட்டேன் என்று எழுதிக் கொடுத்தோம். நான் எழுதினேன். வீரமாக மறுத்தேன் என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும், ஆனால் நடந்தது அதுவல்ல. அந்த அச்சுத்தாள் என்னை மிரட்டியதைவிட, அதைக் கொடுத்த கை எங்களில் ஒன்று என்பதுதான் என்னை அடித்தது. அதன்பிறகு அந்தக் குழுவில் யாரும் எதுவும் எழுதவில்லை, தேர்வு அட்டவணையைத் தவிர.

இங்கே நியாயமான ஒரு எதிர்க்கேள்வி வரும். தென் மாவட்டத்தில் மாணவர்களுக்குத் தேர்தலும் அரசியலும் கொடுத்தால் சாதிச் சண்டைதானே வரும் என்பார்கள். பெற்றோர்களின் பயம் பொய்யில்லை. 2008 நவம்பரில் சென்னை சட்டக் கல்லூரியில் நடந்ததைத் தொலைக்காட்சியில் பார்த்த தலைமுறை அது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பிளஸ் டூ மாணவனை வீடு புகுந்து வெட்டியது அவனோடு அதே பள்ளியில் படித்த பையன்கள். அதைத் தொடர்ந்து அமைந்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. இதையெல்லாம் நான் மறைக்கவில்லை.

ஆனால் என் இன்ஸ்டாகிராமைத் திறந்து காட்டட்டுமா? சாதித் தலைவர் படம், பின்னால் ஒரு பாட்டு, அரிவாள் பொம்மை, 'நாங்க யாருன்னு தெரியுமா' என்று ஒரு வசனம். என்னோடு படித்தவர்களே போட்டது. தேர்தல் இல்லாத கல்லூரிகளில் படிக்கிற பையன்கள்தான் இவர்கள் எல்லோரும். அரசியலைத் தடுத்தால் சாதி வராது என்பது உண்மையானால் எங்கள் மாவட்டம் இந்நேரம் சொர்க்கமாக இருந்திருக்க வேண்டும். எனக்குத் தெரிந்து அரிவாள் வீடியோவுக்காக யாரிடமும் வெள்ளைத் தாளில் எழுதி வாங்கியதில்லை. மெழுகுவர்த்திக்கு வாங்கினார்கள். பொதுவான காரியத்துக்குச் சேர வழி இல்லாத இடத்தில், பிறப்பால் கிடைத்த கூட்டம்தான் பையனுக்குக் கைக்கெட்டுகிறது. மெஸ் சாப்பாட்டுக்காகவும் பேருந்து வசதிக்காகவும் உதவித்தொகை தாமதத்துக்காகவும் எல்லாச் சாதிப் பையன்களும் ஒரே வேட்பாளருக்கு ஓட்டுப் போட வேண்டிய நிலை வந்தால் கொஞ்சமாவது மாறும் என்று நான் நம்புகிறேன். நம்பிக்கைதான், நிரூபிக்க முடியாது.

வலைத்தளத்தைக் கண்ணை மூடிக்கொண்டு புகழவும் எனக்கு மனமில்லை. 2020 ஜூனில் எங்கள் தாலுகா தலைநகரான சாத்தான்குளத்தில் ஜெயராஜ், பென்னிக்ஸ் என்ற தந்தையும் மகனும் போலீஸ் காவலில் சித்திரவதைக்கு ஆளாகி இறந்தார்கள். ஊரடங்கில் வீட்டுக்குள் இருந்த மாணவர்கள்தான் அதை நாடு முழுக்கக் கொண்டுபோனார்கள், நாங்களும் செய்தோம். பாடகி சுசித்ரா ஆங்கிலத்தில் பேசிய வீடியோ லட்சக்கணக்கில் பார்க்கப்பட்டது. பிறகு சிபிசிஐடி, அந்த வீடியோவில் சொல்லப்பட்டவை உண்மையில்லை, நம்பாதீர்கள் என்றது. அவர் அதை நீக்கிவிட்டார். நடந்த கொடுமையே போதுமான அளவு கொடுமை. அதன்மேல் ஒன்றைக் கூட்டிச் சொல்லும்போது, மறுக்க நினைக்கிறவனுக்கு ஒரு பிடி கிடைத்துவிடுகிறது. நானும் அந்த வீடியோவைப் பத்துப் பேருக்கு அனுப்பியவன்தான்.

சரியாகப் பயன்பட்டதற்கு ஒரு உதாரணம் கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. 2021 ஜனவரி 8ஆம் தேதி இரவு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்குள் முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபியை இடித்தார்கள். இரவோடு இரவாக முடித்துவிடுவதுதான் திட்டம். ஆனால் புல்டோசர் சத்தம் கேட்ட நிமிடமே படங்கள் போய்விட்டன. மாணவர்கள் வாசலில் கூடினார்கள், உண்ணாவிரதம் இருந்தார்கள். 11ஆம் தேதி காலையில் துணைவேந்தரே வந்து மீண்டும் கட்ட அடிக்கல் வைத்தார். ஏப்ரலில் தூபி திரும்ப நின்றது. இங்கே கவனிக்க வேண்டியது, யாழ்ப்பாணத்தில் தேர்ந்தெடுக்கப்பட்ட மாணவர் ஒன்றியம் இருக்கிறது. துணைவேந்தர் பேசுவதற்கு எதிரே ஆள் இருந்தார்கள். படம் கூட்டத்தைச் சேர்த்தது, ஒன்றியம் காரியத்தை முடித்தது.

மற்ற நாடுகளில் ஆட்சிகளே போயிருக்கின்றன. வங்கதேசத்தில் 2024 ஜூலை 18இல் இணையத்தை நிறுத்தினார்கள், ஆகஸ்ட் 5இல் பிரதமர் நாட்டைவிட்டே போனார். நேபாளத்தில் 2025 செப்டம்பரில் 26 வலைத்தளங்களைத் தடை செய்தார்கள். அந்தத் தடையே தீயை மூட்டியது. 8ஆம் தேதி ஒரே நாளில் 19 பேரைச் சுட்டுக் கொன்றார்கள், மறுநாள் பிரதமர் ராஜினாமா. நம் நண்பர்கள் இதைப் பார்த்து 'நம்ம ஊர்ல எப்போ' என்று ஸ்டேட்டஸ் போடுகிறார்கள். எனக்கு அந்த ஆசை இல்லை. பிணங்களை எண்ணிப் பழகிய மாவட்டத்துக்காரன் நான். என் கண்ணில் பட்டது வேறு. நேபாளப் பிரதமர் ராஜினாமா செய்த அதே செப்டம்பர் 9ஆம் தேதி டாக்கா பல்கலைக்கழகத்தில் மாணவர் ஒன்றியத் தேர்தல் நடந்தது. அதற்கு முன்பு நடந்தது 2019இல். அதற்கும் முன்பு 28 வருடம் தேர்தலே இல்லை. யார் ஜெயித்தார்கள் என்பதில் எனக்குச் சொல்ல உண்டு, அது வேறு கட்டுரை.

சட்டம் நமக்கு முற்றிலும் எதிராக இருக்கிறது என்றும் சொல்லிவிட முடியாது. 2015 மார்ச்சில் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் அடியோடு நீக்கியது. வழக்குப் போட்ட ஷ்ரேயா சிங்கால் அப்போது மாணவப் பருவத்துப் பெண். 2019 செப்டம்பரில் கேரள உயர் நீதிமன்றம் ஃபஹீமா ஷிரின் வழக்கில், இணையத்தைப் பயன்படுத்துவது கல்வி உரிமையிலும் தனியுரிமையிலும் சேர்ந்தது என்றது. கோழிக்கோடு பக்கத்தில் ஒரு கல்லூரியின் பெண்கள் விடுதியில், மாலை 6 முதல் 10 வரை போனை ஒப்படைக்க வேண்டும் என்று விதி. ஃபஹீமா மறுத்தார், விடுதியிலிருந்து வெளியேற்றினார்கள், நீதிமன்றம் போய்த் திரும்ப உள்ளே வந்தார். தமிழ்நாட்டில் எத்தனை பெண்கள் விடுதிகளில் இதே விதி இன்றும் இருக்கிறது என்று உங்கள் அக்கா தங்கைகளிடம் கேட்டுப் பாருங்கள். போராட்டம் பற்றிய செய்தி எப்போதும் பையன்களுக்கு முதலில் தெரிந்து, பெண்களுக்கு மறுநாள் காலையில் தெரிவதற்கு இப்படியும் ஒரு காரணம் இருக்கிறது.

இணைய நிறுத்தத்துக்கும் 2020 ஜனவரியில் அனுராதா பாசின் வழக்கில், ஆணையை வெளியிட வேண்டும், காலவரையின்றி நிறுத்தக்கூடாது என்று தீர்ப்பு வந்தது. 2024 நவம்பரில் புதிய விதிகளும் வந்துவிட்டன. 2018 மே மாதம் எங்களிடம் யாரும் எந்த ஆணையையும் காட்டவில்லை. காட்டியிருந்தாலும் அதை எதில் படித்திருப்போம் என்று தெரியவில்லை, இணையம்தான் இல்லையே. :-)

நான் இப்போது படிக்கும் இடத்தில் நண்பர்கள் பதினோரு பேர் சேர்ந்து ஒரு மனு எழுதியிருக்கிறோம். லிங்டோ குழு பரிந்துரைப்படி துறைவாரியாக மாணவர் பிரதிநிதிகளைத் தேர்தல் வைத்துத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று. பதினோரு பேரில் நான்கு பேர் பெண்கள், கையெழுத்து வாங்கியதில் பாதி அவர்கள் வாங்கியது. மனுவை வாட்ஸ்அப்பில் சுற்றுக்கு விடலாமா என்று ஒரு மணி நேரம் விவாதம் நடந்தது. நான் வேண்டாம் என்றேன். காகிதத்தில், கையெழுத்தோடு, நேரில் கொண்டுபோய்க் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குவோம், அதன்பிறகு படம் எடுத்துப் போடுவோம் என்பது என் கட்சி. ஒருத்தி மட்டும் கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை. "முன்னாடியே போட்டாதான் அவங்க மனுவ வாங்கவாவது செய்வாங்க" என்றாள். ஓட்டெடுப்பு வைத்தோம். ஆறுக்கு ஐந்து, நான் தோற்றேன். நாளை காலை பத்து மணிக்குப் போடுகிறோம், பதினொரு மணிக்கு அலுவலகத்துக்குப் போகிறோம்.